பதினைந்து பூஜ்யங்கள்

பேஸ்பால் நம் ஊர் ஆட்டம் அல்ல. இருந்தாலும் அதில் ஒரு பழைய ஆட்டத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பதிலும் சமமாக இருந்தால் மேலும் மேலும் இன்னிங்ஸ் ஆட வேண்டும். எதிரணிக்கு ஒரு ரன் கூடக் கொடுக்காமல் ஜெயிப்பது "ஷட் அவுட்". கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதை "பிளான்ஷிசாஜ்" என்பார்கள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அந்தச் சொல்லுக்குத் துணி வெளுப்பது என்றுதான் அர்த்தம். நாமும் "வெளுத்து வாங்கிவிட்டான்" என்கிறோம் அல்லவா!

1963 ஜூலை 2. சான்பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம். உள்ளூர் ஜயன்ட்ஸ் அணிக்குப் பந்து வீசியவர் டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஹுவான் மாரிச்சல், வயது 25. எதிரே மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் இடது கை வீச்சாளர் வாரன் ஸ்பான், வயது 42. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் சண்டையிட்டு, அதனால் மூன்று வருஷ ஆட்டத்தை இழந்தவர்.

நான்காவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் அணிக்கு ஒரு ரன் வந்திருக்கும். வில்லி மேஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து ஓடி வந்தவரை அவுட்டாக்கிவிட்டது. ஒன்பதாவதில் ஜயன்ட்ஸின் வில்லி மெக்கவி அடித்த பந்து மைதானத்தைத் தாண்டிப் போயிற்று. நடுவர் செல்லாது என்றார். ஒன்பது முடிந்தது, பன்னிரண்டு முடிந்தது, இரு பக்கமும் பூஜ்யம்தான். மாரிச்சலுக்கு ஓய்வு கொடுக்க மேலாளர் விரும்பினார். அந்த 42 வயதுக்காரர் வெளியே போகாதவரை நானும் போக மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள்.

பதினாறாவது இன்னிங்ஸில் ஸ்பான் வீசிய ஒரு பந்து சரியாக வளையவில்லை. மேஸ் அதை எல்லைக்கு வெளியே அனுப்பினார். 1-0. நான்கு மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஆட்டம் அதோடு முடிந்தது. மாரிச்சல் 227 பந்துகள், ஸ்பான் 201 பந்துகள் வீசியிருந்தார்கள். இப்போதெல்லாம் நூறு பந்தை நெருங்கினாலே வீச்சாளரை மாற்றிவிடுகிறார்கள்.

நான் உத்தியோகக் காலமெல்லாம் பதிவேடு எழுதியவன். மாதக்கணக்கில் நடந்த ஒரு விவகாரம் கடைசியில் "ஏற்கப்பட்டது", "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால் முழுக்கதையும் அல்ல. பேஸ்பால் பதிவேடும் அப்படித்தான். மாரிச்சல் பெயருக்கு நேராக ஒரு ஷட் அவுட் வெற்றி ஏறியது. அது அவர் உழைத்துப் பெற்றது, சந்தேகமில்லை. ஸ்பான் பதினைந்து இன்னிங்ஸ் முழுக்க ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. சாதாரண ஆட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவருக்கு நேராக எழுதப்பட்டது "தோல்வி".

இருவரும் பிற்பாடு பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் இடம் பெற்றார்கள். ஸ்பானின் மொத்த வெற்றிகள் 363. இடது கை வீச்சாளர்களில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. அந்த 1963இல், 42 வயதில், அவர் 23 ஆட்டங்கள் ஜெயித்து ஏழில் தோற்றார்.

அந்த ஏழில் ஒன்றுதான் இந்த ஆட்டம்.