மேரி லூ வில்லியம்ஸ்

மேரி லூ வில்லியம்ஸ் (மே 8, 1910 – மே 28, 1981) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசைக்கோர்ப்பாளர், இசை ஆசிரியர் ஆவார். 1920களில் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இத்துறையில் இயங்கியவர். ராக்டைம், புளூஸ், பூகி-வூகி, சுவிங், பீபாப் எனத் தம் காலத்தில் ஜாஸ் இசை கண்ட பாணிகள் பலவற்றிலும் வாசிக்க வல்லவராக விளங்கினார். பெண்கள் பெரும்பாலும் பாடகியராக மட்டுமே ஏற்கப்பட்ட ஜாஸ் உலகில், பிறர் வாசிப்பதற்கான இசையை எழுதியவர் என்ற வகையில் இவரது இடம் தனித்துவமானது.

இளமைக் காலம்

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தார். இயற்பெயர் மேரி எல்ஃப்ரீடா ஸ்கிரக்ஸ். பின்னர் குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயார் வீட்டில் ஆர்மோனியம் போன்ற மிதி ஆர்கன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே சிறு வயதில் வாசிக்கக் கற்றார். இசையை எழுத்தில் படிக்கும் பயிற்சி இவருக்கு அப்போது இல்லை. செவிவழிக் கற்றலே அடிப்படையாக அமைந்தது. சிறுமியாக இருந்தபோதே அக்கம்பக்கத்து விருந்துகளில் வாசித்துப் பணம் ஈட்டினார். பதின்ம வயதில் பயண நாடகக் குழுக்களுடன் ஊர் ஊராகச் சென்றார். சாக்சபோன் கலைஞர் ஜான் வில்லியம்சை மணந்தபின் வில்லியம்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

ஆண்டி கர்க் குழுவில்

ஜான் வில்லியம்ஸ், கேன்சஸ் சிட்டியை மையமாகக் கொண்ட ஆண்டி கர்க்கின் "டுவெல்வ் கிளவுட்ஸ் ஆஃப் ஜாய்" குழுவில் சேர்ந்தார். மேரி லூ தொடக்கத்தில் அக்குழுவின் உறுப்பினர் அல்லர். 1929இல் ஓர் இசைப்பதிவுக்குக் குழுவின் பியானோ கலைஞர் வராமற்போகவே, அவருக்குப் பதிலாக இவர் வாசித்தார். 1930இல் தனிப் பியானோ இசைத்தட்டு ஒன்றையும் பதிவு செய்தார். 1931 முதல் குழுவின் நிலையான பியானோ கலைஞரானார்.

இக்குழுவில்தான் இவர் இசைக்கோர்ப்பாளராக உருவானார். ஒரு மெட்டை எந்தக் கருவி, எந்த இடத்தில், எந்தச் சுரங்களில் வாசிக்க வேண்டும் எனப் பகுத்து எழுதுவதே இசைக்கோர்ப்பு எனப்படுகிறது. முதலில் இவர் மனத்தில் தோன்றியதைச் சொல்ல, கர்க் அதை எழுதிக்கொண்டார். அதன் வழியாக இவரும் விரைவில் எழுதும் முறையைக் கற்றுக்கொண்டார். 1936இல் பதிவான "வாக்கிங் அண்ட் சுவிங்கிங்" இவரது சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதில் வரும் ஒரு இசைத்தொடர், பின்னாளில் தெலோனியஸ் மங்கின் "ரிதம்-எ-னிங்" என்னும் இசையிலும் ஒலிக்கிறது.

1937இல் பென்னி குட்மன் குழுவுக்காக "ரோல் எம்" என்ற பூகி-வூகி இசையை எழுதினார். தமக்கு மட்டுமே எழுதும்படி குட்மன் ஒப்பந்தம் செய்ய முயன்றபோது, பலருக்கும் எழுதும் உரிமையை விட்டுக்கொடுக்க இவர் மறுத்துவிட்டார். டாமி டோர்சி, ஏர்ல் ஹைன்ஸ் ஆகியோரின் குழுக்களுக்கும் இசைக்கோர்ப்புகள் எழுதினார். 1942இல் கர்க் குழுவிலிருந்து விலகினார். டியூக் எலிங்டன் குழுவுக்கு இவர் எழுதிய "டிரம்பெட்ஸ் நோ எண்ட்" 1946இல் பதிவானது.

நியூயார்க்கில்

1940களில் நியூயார்க்கின் "கஃபே சொசைட்டி" இரவு விடுதியில் வாசித்தார். ஹார்லெமில் இருந்த இவரது வீடு இளம் கலைஞர்களின் கூடமாக மாறியது. தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் அங்கு வந்து வாசித்தும் விவாதித்தும் கற்றனர். மூத்த தலைமுறைக் கலைஞர்கள் பலர் பீபாப் பாணியை ஏற்கத் தயங்கிய காலத்தில், இவர் அதை ஆதரித்ததோடு தாமும் அப்பாணியில் எழுதினார்.

1945இல் பன்னிரண்டு இராசிகளைக் கருவாகக் கொண்டு "சோடியாக் சூட்" என்ற இசைத்தொகுப்பை இயற்றினார். அதன் பகுதிகளை இசைக்கலைஞர்கள் பலருக்குக் காணிக்கையாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று டவுன் ஹால் அரங்கில் மேற்கத்தியச் செவ்வியல் கருவிகளும் சேர்ந்த குழுவுடன் அது அரங்கேறியது.

விலகலும் மீள்வரவும்

1952இல் இங்கிலாந்து சென்று, ஐரோப்பாவில் ஈராண்டுகள் தங்கினார். 1954இல் பாரிஸ் நகரில் நிகழ்ச்சியின் இடையே எழுந்து சென்றவர், அதன்பின் சுமார் மூன்று ஆண்டுகள் மேடை ஏறவில்லை. அக்காலத்தை வழிபாட்டிலும், போதைப்பழக்கத்தால் நலிவுற்ற இசைக்கலைஞர்களுக்கு உதவுவதிலும் செலவிட்டார். இப்பணிக்கென "பெல் கான்டோ" அறக்கட்டளையை நிறுவினார். நிதி திரட்டப் பழைய பொருள் விற்கும் கடையும் நடத்தினார். 1957இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் கில்லெஸ்பி குழுவுடன் மீண்டும் மேடையேறினார்.

தொடர்ந்து சமய இசையில் ஈடுபட்டு, புனித மார்ட்டின் தெ போரஸ் நினைவாகப் பாடற்குழு இசை ஒன்றை இயற்றினார். "மேரி லூஸ் மாஸ்" என அறியப்படும் திருப்பலி இசைக்கு 1971இல் ஆல்வின் எய்லி நடனம் அமைத்தார். 1975இல் அது நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் இசைக்கப்பட்டது.

இசைக் கல்விப் பணி

ஜாஸ் இசை, அடிமைத்தனத்தில் துன்புற்ற கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்து வளர்ந்தது என்பதையும், அவ்வரலாறு மறக்கப்பட்டால் இசையும் வேரற்றுப் போகும் என்பதையும் வலியுறுத்தி வந்தார். இக்கருத்தை விளக்க ஒரு மர வரைபடத்தைப் பயன்படுத்தினார். ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் வரைந்த அப்படத்தில் துன்பம் வேராகவும், ஆன்மிகப் பாடல்கள், ராக்டைம், சுவிங், பாப் ஆகியவை அடிமரமாகவும் காட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாணியையும் தாமே வாசித்துக்காட்டி விளக்கும் விரிவுரை நிகழ்ச்சிகளையும் நடத்தினார்.

1977 முதல் 1981 வரை வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வருகைக் கலைஞராகப் பணியாற்றினார். அங்கு, தம் மேலாளராக இருந்த பாதிரியார் பீட்டர் ஓ'பிரையனுடன் இணைந்து ஜாஸ் வரலாறு கற்பித்தார். மாணவர்களின் ஜாஸ் குழுவையும் வழிநடத்தினார். பட்டப்படிப்பு ஏதும் இல்லாமல் செவிவழி கற்ற ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியரானது குறிப்பிடத்தக்கது.

மறைவும் நினைவும்

மேரி லூ வில்லியம்ஸ் 1981 மே 28 அன்று டர்ஹம் நகரில் புற்றுநோயால் காலமானார். 1983இல் டியூக் பல்கலைக்கழகம் இவரது பெயரில் கறுப்பினப் பண்பாட்டு மையத்தைத் தொடங்கியது. 1996இல் வாஷிங்டன் கென்னடி மையம் இவரது பெயரால் பெண் ஜாஸ் கலைஞர்களுக்கான விழாவை ஆரம்பித்தது. இவரது கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.