உறுப்பினர் மூலதனக் கணக்கு (மோன்ட்ராகோன்)

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோன்ட்ராகோன் தொழிலாளர் கூட்டுறவுகளில், ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் நிறுவனம் வைத்துவரும் தனிக் கணக்கு. லாபத்தில் அவருக்குரிய பங்கு கையில் ரொக்கமாகத் தரப்படாமல் இக்கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

உள்நாட்டுப் போரில் நொடிந்திருந்த மோன்ட்ராகோன் நகருக்கு 1941இல் வந்த பாதிரியார் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியேத்தா, 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அதில் உருவான ஐந்து இளைஞர்கள் 1956இல் நிறுவிய உல்கோர், மண்ணெண்ணெய் அடுப்பு செய்யும் பட்டறையாகத்தான் பிறந்தது. முதலீட்டாளரை உள்ளே விடாமல் தொழிலை வளர்க்க வேண்டும். அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? ஊராரின் சேமிப்பைத் திரட்டும் காஹா லபோரல் வங்கி 1959இல் ஏற்பட்டது. மற்றொரு வழி, உறுப்பினர்களின் லாபத்தையே தொழிலில் நிறுத்திவைப்பது.

புதிதாகச் சேர்பவர் கட்டும் பங்குத் தொகை, கடைநிலைப் பணியாளரின் ஓராண்டு ஊதியத்தை ஒட்டியது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டலாம். அந்தச் சம்பளமேகூட ஆண்டின் உபரியிலிருந்து தரப்படும் முன்பணமாகவே கருதப்படுகிறது. உபரியில் கல்வி, சமூகப் பணிகளுக்கு 10 சதவீதம் ஒதுக்கப்படும். இன்னொரு பகுதி, யாரும் பிரித்துக்கொள்ள முடியாத பொதுக் காப்பு நிதிக்குப் போகும். எஞ்சியது உறுப்பினர் கணக்குகளுக்கு வரும். அதைப் பகிரும் அளவுகோல் போட்ட பணம் அல்ல, செய்த வேலையும் ஊதியப் படிநிலையும். இந்த ஏற்பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் மிக உயர்ந்த ஊதியமே கடைநிலை ஊதியத்தைப்போல் மூன்று மடங்குதான் என்பதால், பங்குகளிலும் பெரிய ஏற்றத்தாழ்வு வரவில்லை. அந்த விகிதம் பின்னாளில் சுமார் ஆறு மடங்காகத் தளர்ந்தது. கணக்கில் யாருக்கு எவ்வளவு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான். கணக்கிலுள்ள தொகைக்குச் சேரும் வட்டியைப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அசல் கைக்கு வருவது ஓய்வுபெறும்போதோ விலகும்போதோதான்.

நட்டம் வந்தால் அதே கணக்கில் பற்று வைக்கப்படும். 1980களின் நெருக்கடியில் சில கூட்டுறவுகள் உறுப்பினர்களின் கூடுதல் மாதச் சம்பளத்தையும் மூலதனமாக மாற்றித் தாக்குப்பிடித்தன. சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து முழுமையாக வெளிப்பட்டது 2013இல். உல்கோரின் வாரிசான ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் அவ்வாண்டு திவாலானது. உள்ளூர் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சகோதரக் கூட்டுறவுகளில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. கணக்கிலிருந்த மூலதனம் திரும்பவில்லை.