ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவைத் தாண்டிச் செராங்கூன் சாலையில் பிரிகிறது பாலஸ்டியர் சாலை. அதையொட்டிய ஜாலான் அம்பாஸ் என்ற சிறு தெருவில், 8ஆம் எண் வளாகம் இது. ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் 1947 முதல் 1967 வரை இங்கே 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்களை எடுத்தது. படங்களைவிடப் பாட்டுகளுக்கே ஆயுள் கெட்டி.

அதற்கு முன்பே, 1930களின் பிற்பகுதியில் இங்கே படவேலை தொடங்கியது. எந்த ஆண்டு என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. ஜப்பானியர் ஆட்சியில் படப்பிடிப்பு நின்றது.

போருக்குப் பின் முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பி.என். ராவ், பானி மஜும்தார் ஆகியோர் அவர்களில் சிலர். படத்துக்குப் பல பாட்டு, அதற்குப் பின்னணிக் குரல் என்ற நம்மூர்ப் பழக்கம் இவர்களோடு வந்ததாகக் கொள்ளலாம். பாட்டு முதலில் பதிவாகும். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர் வாயசைப்பார். ராஜ்ஹான்ஸின் 'சிந்தா' (1948) படத்தில் நாயகன் ரூமாய் நூருக்குக் குரல் கொடுத்தவர், பினாங்கிலிருந்து வந்த 19 வயது பி. ராம்லி. அதே படத்தில் அவருக்கு வில்லன் வேடம். 'பக்தி' (1950) படத்தில் அவரைக் கதாநாயகனாக்கிச் சொந்தக் குரலிலேயே பாடவைத்தது தமிழரான கிருஷ்ணன்தான் என்பது பரவலான கூற்று.

வாத்தியக் குழுவை 1949 முதல் நடத்தியவர் ஜுபிர் சைட். 1952இல் அவர் போட்டி நிறுவனமான கேத்தேயின் பக்கம் போனார். பின்னாளில் 'மஜுலா சிங்கப்பூரா' தேசிய கீதத்தை இயற்றினார். பின்னணிப் பாடகியரில் நோனா ஆசியாவும், 1961இல் ராம்லியை மணந்த சலோமாவும் முக்கியமானவர்கள். படக்காட்சிகளின் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் எழுத்தராகச் சேர்ந்த காசிம் மஸ்தோர் இங்கேயே இசை கற்று இசையமைப்பாளரானார். மஜும்தாரின் வண்ணப்படம் 'ஹங் துவா' (1956) இசைக்காக ராம்லிக்கு ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. 'இபு மெர்துவாகு' (1962) படத்தில் கண்ணிழக்கும் சாக்ஸஃபோன் கலைஞராக ராம்லி நடித்தார். திரையில் ஊதுவது அவர், காதில் விழுவது யூசோஃப் பி.யின் வாசிப்பு என்பர். அந்தப் படத்தை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் கேட்கலாம்.

1957இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1964இல் ராம்லி கோலாலம்பூரின் மெர்டேகா ஸ்டூடியோவுக்குப் போனார். தொலைக்காட்சியின் வரவும் தொழிலாளர் தகராறும் சரிவுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்தோனேசியாவுடனான மோதலில் அங்கிருந்த சந்தை போனதைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஸ்டூடியோ 1967இல் மூடப்பட்டது.

வளாகம் இன்று பாலஸ்டியர் மரபுடைமைப் பாதையில் இடம்பெற்றுள்ளது.