மார்பில் அணியும் ஒலிவாங்கி

பேசுபவர் யாரை நோக்கிப் பேச வேண்டும்? கேட்பவரை நோக்கி என்று எவரும் விடை கூறுவர். ஆயினும் ஒலிவாங்கி தோன்றிய நாளிலிருந்து நெடுங்காலம் வரை, பேசுபவர் கேட்பவரை விட்டுக் கருவியை நோக்கியே பேச வேண்டியிருந்தது. முகத்தைச் சற்றுத் திருப்பினால் குரல் தேய்ந்தது. இரண்டடி விலகினால் மறைந்தே போயிற்று. வானொலி நிலையத்தில் அமர்ந்து பேசுவோர்க்கு இஃது ஒரு பெருங்குறையன்று. மேடையில் நடிப்பவர்க்கும், கரும்பலகைக்கும் மாணவர்க்கும் இடையே நடமாடும் ஆசிரியர்க்கும், படக்கருவியின் முன் நடந்து வருபவர்க்கும் அஃது ஒரு விலங்காகவே இருந்தது. அவ்விலங்கு எவ்வாறு கழன்றது, கழன்ற பின் நம்மீது என்னென்ன பொறுப்புகள் வந்து சேர்ந்தன என்பனவற்றை இங்கே காண்போம்.

1952-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், பேசும் படத்தின் தொடக்க நாட்களை நகைச்சுவையோடு காட்டுகிறது. ஒலிவாங்கியைச் செடிக்குள் மறைத்து வைத்தால், நடிகை தலையைத் திருப்பும்தோறும் சொற்கள் மறைகின்றன. ஆடைக்குள் வைத்துத் தைத்தால், அவளது நெஞ்சத் துடிப்பே பெரிதாகக் கேட்கிறது. தரையில் கிடக்கும் கம்பியை இன்னதென்று அறியாத ஒருவர் பற்றி இழுக்க, நடிகை உருண்டு விழுகிறாள். நாம் சிரிக்கிறோம். ஆனால் அக்காலத்து ஒலிப்பதிவாளர் பட்ட இடர்கள் யாவும் அச்சிரிப்புக்குள் அடங்கியிருக்கின்றன.

கழுத்திலோ மார்பிலோ அணியும் ஒலிவாங்கியை மேலைநாட்டார் 'லாவலியர்' என்பர். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கம் ஒன்றுக்கு வழங்கிய பெயர் அது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் காதலியாயிருந்த லூயீஸ் த லா வாலியேர் என்பவரின் பெயரால் அப்பதக்கம் அப்பெயர் பெற்றது என்று கூறுவர். 1953-இல் எலெக்ட்ரோ-வாய்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், முக்கால் அங்குல விட்டமும் ஏறத்தாழ 2 அவுன்ஸ் எடையும் உள்ள ஒலிவாங்கியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டும்படி அமைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேசுபவரின் கைகள் விடுதலை பெற்றன. கால்களோ பெறவில்லை, கம்பி இன்னும் பின்னால் இழுபட்டு வந்தது.

கம்பியை அகற்றும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் ரெஜ் மூர்ஸ் என்பவர், 1949-இல் பிரைட்டன் நகரில் பனிக்கட்டித் தளத்தின்மீது நடைபெற்ற 'அலாவுதீன்' காட்சியில், நடிகர் ஒருவரின் உடைக்குள் சிறு வானொலிக் கருவியைப் பொருத்தி அவர் குரலை அரங்கத்திற்கு அனுப்பினார். முயற்சி வெற்றி பெற்றது. எனினும் மூர்ஸ் தம் கருவிக்குக் காப்புரிமை கோரவில்லை. ஏனெனில் அவர் பயன்படுத்திய அலைவரிசைக்கு உரிமம் இல்லை! காட்சியை நடத்தியவர்களும் கருவியைக் கைவிட்டுப் பின்னணிக் குரலையே நாடினர். மூர்ஸின் கருவி 1972-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. கம்பியை அறுத்தவருக்கு வானத்தின் அனுமதி வாய்க்கவில்லை. இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1957-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம், அந்நாட்டு வானொலி நிறுவனம் ஒன்றோடு இணைந்து சட்டைப்பையில் அடங்கும் கருவியை உருவாக்கியது. அதே காலத்தில் அமெரிக்காவின் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் கல்விக் கருவிகளைக் கவனித்துவந்த ரேமண்ட் லிட்கி என்னும் பொறியாளர், கையில் பிடிப்பதும் கழுத்தில் அணிவதுமாக இருவகைக் கம்பியில்லா ஒலிவாங்கிகளை வகுத்தார். அவற்றின் அனுப்பும் பகுதி ஒரு சுருட்டின் அளவே இருந்தது. எடை 7 அவுன்ஸ். அவர் முறைப்படி அரசினரிடம் அலைவரிசைகளைக் கேட்டுப் பெற்றார். 1960-இல் நடைபெற்ற அமெரிக்க அரசியல் கட்சி மாநாடுகளில், தொலைக்காட்சிச் செய்தியாளர் அக்கருவியை ஏந்திக் கூட்டத்திற்குள் நடந்து சென்று தலைவர்களை வினவினர். கல்லூரித் தேவைக்கெனப் பிறந்த கருவி நாட்டின் அரங்கத்தை எட்டியது என்பது ஆசிரியர் குலத்திற்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

திரைப்படத்தில் இதன் பயனை உலகுக்குக் காட்டியது 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி'. பாடலை முன்னரே பதிவு செய்து, படப்பிடிப்பில் உதடசைப்பதே வழக்கம். பேச்சொலிப் பேராசிரியராக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் அதற்கு இணங்கவில்லை. ஒரு பாடலைத் தாம் இருமுறை ஒரேவிதமாகப் பாடுவதில்லை என்பது அவர் வாதம். ஆகவே அவர் கழுத்துப்பட்டைக்குள் கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டது. அவர் நடந்துகொண்டே பாடினார். அப்படத்தின் ஒலிக்காக ஜார்ஜ் குரோவ்ஸ் ஆஸ்கார் பரிசு பெற்றார்.

கருவி மேலும் சிறுக்க வழி வகுத்தவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவர். மின்னேற்றத்தை நெடுங்காலம் தன்னுள் தாங்கி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டு, 1962-இல் அவர்கள் புதியதோர் ஒலிவாங்கியை அமைத்தனர். தகட்டுக்கு வெளியிலிருந்து உயர்மின்னழுத்தம் ஊட்டும் தேவை நீங்கவே, ஒலிவாங்கி சட்டைப் பொத்தானிலும் சிறியதாயிற்று. இன்று கைத்தொலைபேசியால் படமெடுக்கும் மாணவனும் இதனை எளிதில் வாங்கிப் பயன்படுத்துகிறான்.

வாங்குவது எளிது, பொருத்துவதற்கு அறிவு வேண்டும். ஒலிவாங்கியை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நடு மார்பில் பொருத்துக. மேலே சென்றால் முகவாயின் நிழலில் குரல் மங்கும். கீழே சென்றால் அறையின் எதிரொலி மிகும். பட்டும் செயற்கை இழையும் சலசலக்கும், பருத்தி அமைதியானது. பதக்கத்தின் பெயரைப் பெற்ற இக்கருவிக்குப் பதக்கமே பகை. சங்கிலி உராய்ந்தால் ஒவ்வோர் உராய்வும் இடியாகக் கேட்கும். கம்பியைச் சிறு வளையமாகச் சுற்றி ஆடைக்குள் நிறுத்தினால், அசைவின் ஓசை ஒலிவாங்கியை எட்டாது. புதிய மின்கலத்தோடு தொடங்குக. பேசுபவரை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லாமல், உண்மையில் பேசப்போகும் அதே உரப்பில் சில வாக்கியங்கள் பேசச் செய்து அளவை வகுத்துக்கொள்க. ஏற்கும் கருவி, அனுப்பும் கருவியைக் கண்ணால் காணும்படி உயரத்தில் இருக்கட்டும். மனித உடல் வானொலி அலையை உறிஞ்சிக்கொள்ளும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழிப்பதும் உண்டு. அதனால்தான் நல்ல ஏற்புக் கருவிகளில் இரண்டு அலைவாங்கிகள் அமைந்து, ஒன்று தவறினும் மற்றொன்று காக்கிறது. இறுதியாக, காதில் கேட்பொறி அணிந்து தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். கண் கண்டுபிடிக்காத பிழையைக் காது கண்டுபிடிக்கும்.

இனி மூர்ஸின் கதைக்கு வருவோம். கம்பி என்பது ஒருவருக்கே உரிய பாதை, வானமோ பொதுவழி. ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் குரலும் கெடும். வெவ்வேறு அலைவரிசைகளில் பேசினும், அவை தம்முள் கலந்து வேறோர் அலையைப் பிறப்பித்து மூன்றாமவரைக் குலைப்பதும் உண்டு. ஆகவே கருவியை இயக்குமுன் எவ்வழி வெறுமையாக உள்ளது என்று தேடுவது முதற்கடமை. அமெரிக்காவில் கைத்தொலைபேசியின் தேவை பெருகவே, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை 2010 ஜூன் 12-ஆம் நாளோடும், 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பாலானதை 2020 ஜூலை 13-ஆம் நாளோடும் ஒலிவாங்கிகள் விட்டு நீங்க நேர்ந்தது. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் சட்டத்திற்குப் புறம்பாயின. எந்நாட்டிலும் அந்நாட்டு விதியை அறிந்தே கருவியை வாங்குதல் வேண்டும்.

இதனினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. எதிரே நிற்கும் ஒலிவாங்கியைப் பேசுபவர் மறப்பதில்லை; மார்பில் இருப்பதை மறந்துவிடுகிறார். மறப்பதனாலேயே அவர் பேச்சு இயல்பாக அமைகிறது. ஆனால் 2010 ஏப்ரல் 28-ஆம் நாள், தேர்தல் சுற்றுப்பயணத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌன், தொலைக்காட்சியினர் பொருத்திய ஒலிவாங்கியைக் கழற்ற மறந்து காரில் ஏறினார். சற்றுமுன் தம்மோடு உரையாடிய வாக்காளர் ஒருவரைப் பற்றி உதவியாளரிடம் கடிந்து கூறியது, நாடு முழுவதும் கேட்டது. அன்றே அவர் அந்த அம்மையாரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டார்.

ஆதலின், ஒலிவாங்கியைப் பிறர் மார்பில் பொருத்தும் இளைஞர்க்கு ஒன்று கூறுவேன். பொருத்துமுன் அனுமதி கேளுங்கள். உரையாடல் முடிந்தவுடன் முதல் வேலையாக அதை நிறுத்திக் கழற்றுங்கள். பேசியவர் நினைவூட்டட்டும் என்று காத்திராதீர்கள். கருவிக்கு அஞ்சி வாய் திறவாத முதியவரும் உழவரும் இன்று நம் முகம் பார்த்துத் தம் வாழ்க்கையைச் சொல்ல முன்வருகின்றனர். அவர்கள் நம்பிப் பேசுவது கருவியை அன்று, அதைப் பொருத்தியவரையே.