நெல்லின் நோய்களும் அளவெட்டி வயல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரியில் மட்டும் நீர் பெருகும் வழுக்கையாறே அங்கு ஆறெனப் பெயர் பெற்றது. அவ்வாற்றை அண்டிய ஊர்களுள் ஒன்றான அளவெட்டியில் செம்மண் மேட்டுநிலம் கிணற்று நீரால் தோட்டமாயிற்று; தாழ்நிலம் மழைநீரால் வயலாயிற்று. தோட்டத்தில் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிரிடலாம். வயலுக்கோ வடகீழ்ப் பருவமழை தரும் காலபோகம் ஒன்றே உண்டு. புரட்டாதி, ஐப்பசியில் விதைக்கப்படும் நெல் தை, மாசியில் அறுவடையாகும். அந்த ஒரு போகத்தில் நோய் புகுந்துவிடின் அடுத்த மாரி வரை அதனை ஈடுசெய்ய வழியில்லை. ஆதலின், நெல்லின் நோய்களை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு இத்தகைய ஊர்களுக்குப் பெரிதும் உரியதாகும்.

நெல்லை வருத்தும் நோய்களுட் பல பங்கசுக்களாலும் சில பற்றீரியாக்களாலும் உண்டாகின்றன. பங்கசு நோய்களுள் முதன்மையானது எரிபந்தம். தமிழ்நாட்டார் இதனைக் குலைநோய் என்பர். இலைகளில் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமும் கொண்ட கண் போன்ற புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தை நோய் பற்றின் மணிகள் பதராகிவிடும். இரவுக் குளிரும் இலையில் நெடுநேரம் தங்கும் பனியும் இதற்கு உவந்தவை. குடாநாட்டு நெல் கதிர்தள்ளும் மார்கழி இவ்விரண்டையும் ஒருங்கே தருவதாகும். பற்றீரியா இலை வெளிறல் நோயோ காற்றோடு கூடிய மழையில் பரவுவது. இலை உராய்வதால் ஏற்படும் காயங்கள் வழியாகவும் இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவும் கிருமி நுழைகின்றது. இலையின் ஓரம் அலைபோன்று மஞ்சளித்துக் காய்கின்றது. நோயுற்ற இலையை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற கசிவு இறங்கும். இவ்வெளிய சோதனையால் இந்நோயைப் பிறவற்றிலிருந்து பிரித்தறியலாம்.

பயிர்நோய் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றவல்லது என்பதனை உலகுக்குக் காட்டியது இலங்கைத் தீவே எனலாம். 1869 இல் இங்குள்ள கோப்பித் தோட்டங்களில் துருநோய் கண்டறியப்பட்டது. 1880 முதல் 1882 வரை இங்கு ஆராய்ந்த மார்ஷல் வாட், அதற்குக் காரணம் ஒரு பங்கசே என்பதையும் அதன் வித்திகள் காற்றில் பரவுவதையும் நிறுவினார். எனினும் கோப்பியைக் காக்க இயலவில்லை. அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. ஒரே பயிரைப் பரந்த நிலமெங்கும் இடைவெளியின்றி வளர்ப்பது நோய்க்கு வழிதிறந்துவிடுவதாகும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

நெல்லைப் பொறுத்தவரையில், 1919 இல் தஞ்சைக் கழிமுகத்தில் குலைநோய் பெருவாரியாகப் பரவியது. கோயம்புத்தூரில் 1912 இல் நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் பின்னர் நோயெதிர்க்கும் இனங்களைத் தெரிந்தெடுப்பதில் ஈடுபட்டது. கோ 4 என்னும் இனம் அம்முயற்சியின் பயனாகும். 1942 இல் வங்காளத்து நெல்லைக் கபிலப்புள்ளி நோய் தாக்கியது. அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சத்துக்கு அதுவே முக்கிய காரணம் என 1973 இல் பத்மநாபன் வாதிட்டார். உணவு இருந்தும் அதனைப் பெறும் வலிமையை ஏழைகள் இழந்தமையே காரணம் என 1981 இல் அமர்த்தியா சென் விளக்கினார். நோய் விளைச்சலைக் குறைக்கலாம். அக்குறை பஞ்சமாவதும் ஆகாததும் சமுதாய அமைப்பைப் பொறுத்தது என்பது இவ்விவாதத்திலிருந்து பெறப்படும்.

இலங்கையில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் 1950களின் பிற்பகுதியில் எச் 4 என்னும் இனத்தை வெளியிட்டது. உள்நாட்டு முருங்கைக்காயன் 302 உம் இந்தோனேசிய மாஸ் இனமும் அதன் பெற்றோர். எரிபந்தத்தை எதிர்த்தமையால் அது நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த குட்டை இனங்கள் மிகுந்த உரத்தை ஏற்று மிகுந்த விளைவைத் தந்தன. ஆனால் நைதரசன் மிகும்போது பயிர் அடர்ந்து, இலை மென்மையாகி, இவ்விரு நோய்களும் பெருகின. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம், தமிழ்நாட்டுத் திரூர்க்குப்பத்தின் டிகேஎம் 6 இனத்தைக் கலந்து ஐஆர் 20 ஐ உருவாக்கியது. பற்றீரியா வெளிறலை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு வாய்த்திருந்தது. அதே மரபுப் பண்பு கொண்ட இனங்கள் பிலிப்பைன்சின் வயல்களெங்கும் பரவவே, அதனை வெல்லும் கிருமி வகை அங்கு மேலோங்கிற்று. எந்த எதிர்ப்பும் நிலையானதன்று.

இப்பின்னணியிலேயே குடாநாட்டின் நிலையை நோக்குதல் வேண்டும். போர்க்காலத்தில், 1990களில், யூரியா உட்பட உரங்கள் வடக்குக்குச் செல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. 2021 இல் நாடு முழுவதற்கும் இரசாயன உரங்களினதும் பயிர்க்காப்பு மருந்துகளினதும் இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் அத்தடை நீக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் மருந்தை மட்டும் நம்பிய பயிர்க்காப்பு ஓர் அரசாணையால் நின்றுவிடக்கூடியது என்பதை இவை உணர்த்தின. மேலும், பங்கசுகொல்லிகளுட் பெரும்பாலானவை பற்றீரியாவைக் கொல்வதில்லை. நோயைப் பிரித்தறியாது தெளிக்கும் மருந்து வீண்செலவேயாகும்.

ஆதலின் கமக்காரரின் கையிலேயே இருக்கும் வழிகள் முதன்மை பெறுகின்றன. உப்புநீரில் மிதக்கும் பதரை அகற்றி நல்ல விதையைத் தெரிதல், நைதரசனை ஒரேயடியாக இடாது பிரித்திடல், பொற்றாசியத்தைக் குறைவின்றி இடுதல், அளவுக்கு மிஞ்சி அடர்த்தியாக விதையாமை, நோயுற்ற வைக்கோலையும் தாள்கட்டைகளையும் வயலில் விட்டுவைக்காமை ஆகியன அவை. இவற்றோடு, வேறுவேறு இனங்களைப் பேணுதலும் வேண்டும். மொட்டைக்கறுப்பன் போன்ற உள்ளூர் நெற்களைக் காத்தல் பழமைப் பற்றின்பாற்பட்டது மட்டுமன்று. முருங்கைக்காயனும் டிகேஎம் 6 உம் ஒரு காலத்தில் உள்ளூர் வயல்களில் விளைந்த நெற்களே. நாளைய நோயை எதிர்க்கும் பண்பு எந்த நெல்லில் உறைகின்றது என்பதை இன்று எவராலும் கூற முடியாது. ஒரே போகத்தை நம்பி வாழும் ஊருக்கு அந்த விதைமுதலே இறுதிக் காப்பு.