கழிவுத் துணிக்கு ஒரு கணக்கு

பரீட்சை முடிந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு பிராசஸுக்குள் 1,000 யூனிட் போகிறது. 5 சதவீதம் சாதாரண நட்டம். அந்தக் கழிவை விற்றால் வரும் சில்லறைப் பணத்தை வரவு வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். கழிவுக்கு மதிப்பே இல்லை என்று கேள்வியில் கொடுத்திருந்தால் இன்னும் சந்தோஷம், ஒரு வரி மிச்சம். அந்தக் கழிவு எங்கே போனது, யார் எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

இந்தப் பதிவு அப்படி ஒரு கழிவின் கதை. கழிவு, துணி வெட்டும்போது விழுகிற துண்டு. இடம், அமெரிக்கா. எடுத்து வைத்தவர்கள், குவில்ட் தைத்த பெண்கள்.

குவில்ட் என்றால் மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தையல் போடுவார்கள். மேல் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துச் செய்தால் அது ஒட்டுவேலை. இன்று இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் வீட்டில் அலமாரி அலமாரியாகத் துணி இருக்கும். நிறம் பிரித்து, அளவு பிரித்து, பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். ஆயுள் முழுக்கத் தைத்தாலும் தீராத அளவுக்குச் சேர்ந்துவிட்டது என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதும் உண்டு. எனக்கு எழுந்த கேள்வி இதுதான்: துணியை எப்படி அடுக்கி வைப்பது என்பது ஒரு பிரச்சினையாக எப்போது ஆனது?

ஏழையின் போர்வையா?

ஆரம்பக்கால அமெரிக்கக் குடியேறிகள் வறுமையில் கந்தல்களைச் சேர்த்து குவில்ட் தைத்தார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை. நூற்பதும் நெய்வதும் கையால் நடந்த காலத்தில் துணி விலை அதிகம். ஒரு சட்டை கிழிந்தால் அதைத் தைத்துப் போடுவார்கள், பிறகு சிறு பிள்ளைக்கு வெட்டித் தைப்பார்கள். மிச்சம் என்று சேர்த்து வைக்க ஒன்றும் இருக்காது. 18ஆம் நூற்றாண்டிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் குவில்ட்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பொருட்கள்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு வருகிறது. அந்த வசதியான வீடுகள் விரும்பிய துணிகளில் முக்கியமானது சிண்ட்ஸ். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து, சாயம் கெட்டியாக ஏற்றிய பருத்தித் துணி அது. துவைத்தால் நிறம் போகாது என்பது ஐரோப்பாவுக்குப் பெரிய அதிசயம். உள்ளூர் கம்பளி, பட்டு வியாபாரிகள் கொதித்துப் போனார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. பிரிட்டன் 1701இலும் 1721இலும் சட்டம் கொண்டுவந்தது. அவ்வளவு மதிப்புள்ள துணியின் துண்டைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? பூவையும் பறவையையும் தனியாக வெட்டி எடுத்து, வெள்ளைத் துணிமேல் பரப்பித் தைத்தார்கள். பிற்காலத்தில் அந்த வேலைக்குப் பாரசீகத் தையல் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் ஒட்டிக்கொண்டது. துணியோ முதலில் இந்தியாவிலிருந்து போனது, பிறகு இங்கிலாந்தில் அச்சான நகல். பெயரில்கூட நமக்குப் பங்கு கிடைக்கவில்லை!

மில் வந்த பிறகு

நிலைமையை மாற்றியது இயந்திரம். 1793இல் எலி விட்னியின் பருத்தி அரவை இயந்திரம். 1814இல் மாசசூசெட்ஸின் வால்தமில் நூற்பும் நெசவும் ஒரே கூரையின் கீழ் நடந்த பிரான்சிஸ் கேபட் லோவெலின் ஆலை. 1820களில் அவர் பெயரிலேயே எழுந்த லோவெல் நகரம். அச்சிட்ட பருத்தித் துணியின் விலை இறங்க இறங்க, சாதாரண வீட்டுப் பெண்ணும் கடையில் துணி வாங்கினாள். கவுன் வெட்டினாள். துண்டு விழுந்தது. அதைப் போட்டு வைக்க ஒரு மூட்டை வந்தது. ஒட்டுவேலை குவில்ட் செழித்ததும் இதற்குப் பிறகுதான். மிச்சம் வைக்கும் பழக்கம் பஞ்சத்தில் பிறக்கவில்லை, துணி மலிந்தபோது பிறந்தது.

அந்த மலிவுக்கு வேறொருவர் விலை கொடுத்தார். ஆலைக்கு வந்த பருத்தியை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் தென் மாநிலங்களின் அடிமைகள். 1860 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்காவில் அடிமைகளாக எழுதப்பட்டவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். துணியின் அடக்க விலையில் அவர்கள் கூலி என்று ஒரு வரி கிடையாது. நம் பாடத்தில் நேரடிக் கூலி என்று முதலில் எழுதுகிற அந்த வரியைத்தான் சொல்கிறேன்.

மூட்டையிலிருந்து தபால் பெட்டிக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்ப்பதே ஒரு விளையாட்டானது. ஒரே துணி இரண்டு முறை வராமல் நூற்றுக்கணக்கான துண்டுகளால் ஒரு குவில்ட் தைப்பது நாகரிகமாயிற்று. இதற்குத் தோழிகளோடும் உறவினர்களோடும் துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும், எது ஏற்கெனவே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். ஒரு வகையில் அதுவும் ஸ்டாக் ரிஜிஸ்டர்தான்.

1880களில் பட்டுத் துண்டு மோகம் வந்தது. ஒழுங்கான வடிவம் இல்லாமல் பட்டையும் வெல்வெட்டையும் கோணல்மாணலாக இணைத்து மேலே பூத்தையல் போடுவார்கள். எல்லோர் வீட்டிலும் பட்டுத் துண்டு இருக்குமா? வியாபாரிகள் விடவில்லை. பெண்கள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, வெட்டுத்துணியைப் பொட்டலம் கட்டித் தபாலில் விற்றார்கள். கழிவு இப்போது சரக்காகிவிட்டது!

மாவு மூட்டையின் இரண்டாவது வாழ்க்கை

வணிகவியல் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கப்போகும் பகுதி இது. ஒரு காலத்தில் மாவும் தானியமும் மரப்பீப்பாய்களில்தான் வந்தன. 1846இல் எலியாஸ் ஹோ தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கெட்டியான மூட்டை தைப்பது அதன்பின் சுலபமானது, பருத்திச் சாக்குகள் பீப்பாய்களின் இடத்தைப் பிடித்தன. மாவு தீர்ந்ததும் பெண்கள் சாக்கைப் பிரித்து, சோப்புப் போட்டு ஊறவைத்து, கம்பெனி முத்திரையைத் தேய்த்துத் தேய்த்து அழித்து, உள்பாவாடையும் துண்டும் குவில்ட் அடித்துணியும் தைத்தார்கள். சாக்கைத் தைத்த சங்கிலித் தையல் நூலை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும். அந்த நூலையும் சுற்றி வைத்துக்கொண்டார்கள்.

கம்பெனிகள் இதைக் கவனித்தன. 1920களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகர ஆலை ஒன்று 'ஜிங்ஹாம் கேர்ள்' மாவைக் கட்டம் போட்ட உடைத்துணியிலேயே கட்டி விற்றது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பூ, கோடு, பொம்மை என்று நூற்றுக்கணக்கான அச்சுகள் வந்தன. முத்திரைக்குப் பதில் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும் காகித லேபிள். 1930களின் பெருமந்தத்தில் இது பல கிராமக் குடும்பங்களின் உடைக்கடை. ஒரே சாக்கில் பெரியவர்களுக்கு உடை வராது, அதே அச்சில் இரண்டு மூன்று வேண்டும். அதனால் கோழித்தீவனம் வாங்கப் போகும் கணவன் கையில் மனைவி ஒரு துண்டுத்துணியைக் கொடுத்து அனுப்புவாள். கடைக்காரர் அடுக்கின் அடியிலிருந்து அந்த அச்சு மூட்டையை உருவ வேண்டும், பாவம். பேக்கேஜிங் ஒரு விற்பனையாளர் என்று மார்க்கெட்டிங்கில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த யோசனை எந்த விளம்பர நிபுணருடையதும் அல்ல. அழுக்குச் சாக்கை ஊறவைத்த பெண்கள் முதலில் செய்தார்கள், கம்பெனி பிறகு கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காகிதப் பைகள் மலிவாகி, 1960களுக்குள் இந்தச் சாக்குகள் ஏறக்குறைய மறைந்தன.

ஜீஸ் பெண்ட்

அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளாக அங்கே உழைத்தவர்களின் சந்ததியினர் வாழ்கிறார்கள். அவர்கள் துணிச் சேமிப்பு வயலில் தேய்ந்த ஜீன்ஸும் சட்டையும். முழங்காலில் வெளுத்த பகுதியும், பை பிரித்த இடத்தில் வெளுக்காமல் நின்ற அடர்நீலமும் அப்படியே குவில்டில் தெரியும். 1966இல் அந்த வட்டாரக் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்கு கார்டுராய் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உறைகள் கடைக்குப் போயின, வெட்டிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அந்தத் துண்டுகளால் தைத்த குவில்ட்களும் இருந்த கண்காட்சி 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி, நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கும் சென்றது. 2006இல் ஜீஸ் பெண்ட் குவில்ட்கள் 10 அமெரிக்கத் தபால்தலைகளில் வந்தன. கணக்குப் புத்தகத்தில் சாதாரண நட்டம் என்று எழுதியிருக்கக்கூடிய துண்டு!

அலமாரிக் காலம்

1971இல் இதே விட்னி அருங்காட்சியகம் குவில்ட்களை ஓவியம் போலச் சுவரில் மாட்டியது. 1976இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு பழைய கைவேலைகள்மேல் ஆசையைக் கிளப்பியது. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் பீட்சா வெட்டுவது போன்ற உருளைக் கத்தியைக் கொண்டுவந்தது. கத்தரிக்கோல் வேலை பல மடங்கு வேகமானது. இப்போது துண்டு தானாக விழுவதில்லை, துண்டாகவே கடையில் விற்கிறது. கால் கஜத்தை நீளப்பட்டையாக வெட்டாமல் 18க்கு 22 அங்குலமாக வெட்டிக் கொடுப்பார்கள். ஆக, மூட்டை அலமாரியாகிவிட்டது.

இந்த அலமாரியின் விதிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் பழைய குவில்ட் ஒன்றின் சாவிலிருந்து கற்றது போலிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு குவில்ட்களில் இரும்பு உப்பு சேர்ந்த பழுப்புச் சாயத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருக்கும். எடை கூட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டு, கோடு கோடாகக் கிழிந்திருக்கும். வெயில் பட்ட மடிப்பு மட்டும் வெளுத்திருக்கும். அதனால்தான் இன்று வெளிச்சம் படாமல் வை, பச்சை மரத்தட்டில் நேராக வைக்காதே, இடையில் அமிலமில்லாத காகிதம் போடு, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்று என்கிறார்கள். கஞ்சி போட்டு அடுக்கினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. இறுக்கமான பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கும். காமிக்ஸ் புத்தகம் பாதுகாக்கும் அட்டையில் துணியைச் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. நிறத்தைவிட வெளிர், அடர் என்று பிரித்து வைப்பதே தைக்கும்போது அதிகம் உதவும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். டிசைன் தெளிவாகத் தெரிவது அந்த வித்தியாசத்தால்தான்.

என் முதல் கேள்விக்கு இதுதான் விடை. துணியை அடுக்கி வைப்பது மலிவு வந்தபோது பிறந்த பிரச்சினை. அந்த மலிவு வயலில் சிலரிடமும் ஆலையில் சிலரிடமும் வாங்கியது. ஆனால் மலிவாய் வந்ததையும் மலிவாக நினைக்காமல் மூட்டையில் வைத்த பெண்களால்தான் அந்தக் காலத்துத் துணி எப்படி இருந்தது என்று இன்று பார்க்க முடிகிறது. உடுத்திய உடைகள் பெரும்பாலும் கிழிந்து போயின, துண்டுகள் குவில்டில் தங்கிவிட்டன.

அடுத்த தடவை கழிவுக்கு மதிப்பில்லை என்று கேள்வியில் வந்தால், மதிப்பெண்ணுக்காக அப்படியே எழுதிவிடுவேன். நம்ப மட்டும் மாட்டேன்.

உங்கள் வீட்டில் எதையாவது இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.