தண்டு இறங்கிய நிலத்தில் தமிழர்

பாளையம் என்னும் சொல் தமிழகத்தின் எத்தனையோ ஊர்ப்பெயர்களில் ஈறாக நிற்பதை நாம் அறிவோம். படை தங்கிய இடமே நாளடைவில் குடிகள் வாழும் ஊராயிற்று என்னும் வரலாறு அச்சொல்லில் அடங்கியுள்ளது. புனேயின் கேம்ப் பகுதியும் அவ்வாறு பிறந்த ஊரே. மராத்தியர் அதனை லஷ்கர் என வழங்குவர். அச்சொல்லும் படையையே குறிக்கும்.

1817 நவம்பர் 5 அன்று நிகழ்ந்த கட்கிப் போரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை தோல்வியுற்றது. அதன்பின், பழைய நகருக்குக் கிழக்கே, வானவடி, கோர்ப்படி முதலிய சிற்றூர்களை ஒட்டி ஆங்கிலேயர் தண்டு இறங்கினர். 1818 சனவரி 1 அன்று பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில் நடந்த போரும் ஈண்டு நினைக்கத்தக்கது. மகார் வீரர் பலர் இடம்பெற்ற பம்பாய்க் காலாட்படைக்குத் துணைநின்று, இரு பீரங்கிகளை இயக்கியது சென்னைப் பீரங்கிப் படையே. ஆகவே, இம்மாவட்டத்தின் ஆங்கிலேயர் கால வரலாற்றின் முதற்பக்கத்திலேயே சென்னை மாகாணத்தின் பெயர் காணப்படுகிறது.

படை ஒருநாளும் தனித்துச் செல்வதில்லை. சமையற்காரர், வண்டியோட்டி, எழுத்தர், துபாஷி, ஒப்பந்தக்காரர் எனப் பெருங்கூட்டம் அதனைப் பின்தொடரும். அவ்வாறு வந்தோரில் தமிழரும் இருந்தனர். 1885-இல் வெளிவந்த பூனா மாவட்ட கெசட்டியர், இங்கு வாழ்ந்த எழுத்தர் குலங்களுள் வேளாளரையும் சேர்த்துக் கூறுகிறது.

தமிழரோடு பார்சியரும் போராக்களும் கோவா கிறித்தவரும் யூதரும் இங்குக் குடியேறினர். 1825-இல் புனித மேரி ஆலயமும், 1850-இல் புனித பாட்ரிக் ஆலயமும், 1867-இல் டேவிட் சசூனின் கொடையால் ஓஹெல் டேவிட் யூத ஆலயமும் எழுந்தன. புனித மேரி ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த பேராயர் ஹீபர், மறுஆண்டு திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்தார். பூனாவும் திருச்சியும் ஒரே ஆட்சியின் படைநிலையங்களாக அன்று பிணைக்கப்பட்டிருந்தமையை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஆயினும் கேம்ப்பின் வளம் மாவட்டத்தின் வளமன்று. 1875-இல் சுபா என்னும் ஊரில் உழவர்கள் திரண்டு, வட்டிக்கடைக்காரரின் கடன் பத்திரங்களைத் தீயிட்டனர். படையை நம்பிய கடைவீதி தழைத்த அதே காலத்தில், மழையை நம்பிய சிற்றூர் கடனில் மூழ்கியது. நம் முன்னோர் வந்து பிழைத்தது இவ்விரு உலகங்களுள் முன்னதில் என்பதை நாம் மறத்தலாகாது.

1871-இல் பம்பாயிலிருந்து பூனா வழியாக வந்த இருப்புப்பாதை ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு இணைந்தது. அதுவரை படையின் பின்னே வந்த தமிழர், அதன்பின் அலுவலகப் பணியை நாடி இரயிலேறி வந்தனர். முன்னவரும் பின்னவரும் ஒருமொழியினர் ஆயினும், குலத்தாலும் தொழிலாலும் வேறுபட்டிருந்தனர். நம் சங்கங்களின் நினைவில் பின்னவரே மிகுதியாக இடம்பெறுகின்றனர். தண்டோடு வந்த சமையற்காரரையும் வண்டியோட்டியையும் பேசுவார் அரியர்.

இதற்குக் காரணமும் உண்டு. கேம்ப் நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கே உரியது. வீடு கட்டியவர்க்கும் பெரும்பாலும் கட்டடத்தின்மீதே உரிமை இருந்தது. நிலப் பத்திரம் இல்லாத எளிய குடிகளின் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கும்? படைப்பணி விடுதலைச் சீட்டு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறை எழுத்து, பாட்டியின் வாய்மொழி ஆகியவற்றிலேதான். இவற்றுள் வாய்மொழியே முதலில் அழிவது. மூன்று தலைமுறைக்கு முன் எவ்வூரிலிருந்து, யாரோடு, எப்பணிக்கு வந்தோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளிலேனும் எழுதி வைக்குமாயின், படைகளின் பெயர் மட்டும் நிற்கும் இவ்வரலாற்றில் மக்களின் பெயரும் இடம்பெறும். அப்பணி நம்முடையது, நமக்காகப் பிறர் செய்யமாட்டார்.